ஞாயிற்றுக்கிழமைக் கை

கண்ணாடி சின்னது. நான்கு விரல்கள் நெருங்கிப் படுத்தால் நிறைந்துவிடும். அதன் அடியில் பச்சை வெளிச்சம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தன் வலது கையின் நான்கு விரல்களையும் அதன்மேல் வைத்தாள். எந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு சிவந்தது.

"அம்மச்சி, ஒந்நுகூடி," என்றாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த மலையாளத்துப் பெண். இன்னொரு தடவை வைக்கச் சொல்கிறாள்.

அக்கா எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்தாள். சிவப்பு. இடது கை. சிவப்பு. இரண்டு கட்டை விரல்கள். சிவப்பு, சிவப்பு. அந்தப் பெண் எழுந்து வந்து அக்காவின் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். குளிரூட்டிய அந்த அறையில் லேசாகப் புளி மணத்தது. எங்கிருந்து வருகிறது என்று நான் சுற்றிப் பார்த்தேன்.

திருவனந்தபுரத்தில், விசாவுக்கு விரல்ரேகை எடுக்கும் அலுவலகம் அது. குழித்துறையில் காலை ரயில் பிடித்து வந்திருந்தோம். அக்காவின் ஒரே மகள் ஷைனி கல்ஃபில் நர்ஸ். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது தங்கியிருந்தது. பிரசவத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "நீ வந்து பக்கத்தில நிக்கணும்மா, இல்லேண்ணா எனக்கு தைரியம் இல்ல" என்று போனில் அழுதிருக்கிறாள். இந்தக் கண்ணாடியில் விரல் பதிந்தால் விசா. விசா வந்தால் விமானம். பதியாவிட்டால் அந்தப் பெண் பிள்ளை பெறும்போது பக்கத்தில் அம்மா கிடையாது.

எந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. அது சிவந்துகொண்டே இருந்தது.

இவ்வளவு நாள் எழுதாதது

வாராவாரம் பத்திரிகையில் எழுதிவரும் இந்தத் தொடரில் அக்கா இதுவரை வந்ததில்லை. இரணியலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "உங்கள் அப்பா வருகிறார், அம்மா வருகிறார், நீங்கள் வளர்த்த நாய்கூட இரண்டு வாரம் வந்துவிட்டுப் போனது. உங்களைப் படிக்கவைத்தது யார் என்று மட்டும் சொல்லவே இல்லையே."

அந்தக் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் வேறு எதையோ தேடுவதுபோலக் கை அதைத் தள்ளிவிடும். கை தானாகச் செய்யும் காரியங்கள் நிறைய உண்டு.

படிக்கவைத்தது அக்கா. பெயர் தங்கபாய். ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த அப்பா நான் பள்ளியில் இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு இளைப்பு. பதினேழு வயதில் அக்கா அண்டி ஆபீசில் போய் உட்கார்ந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிடக் கூடாது. தரையில் சாக்கு விரித்து வரிசையாகப் பெண்கள் இருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கல். கையில் மரச்சுத்தியல்.

ஓட்டுக்குள் இருக்கும் நெருப்பு

ஒரு விதை தன்னை எப்படியெல்லாம் மூடிக்கொள்கிறது என்று பார்த்தால் பயமாக இருக்கும். அவ்வளவு பயந்திருக்கிறது அது.

சக்கை என்று நாங்கள் சொல்கிற பலாவின் கொட்டைக்கு வழுவழுவென்று ஒரு வெள்ளைச் சட்டை, அதைக் கழற்றினால் பழுப்பில் இன்னொன்று. ஜாதிக்காய் சிவப்பு வலையைப் போர்த்திக்கொள்கிறது. ரப்பர் விதைக்குப் புள்ளி போட்ட மெருகு ஓடு. வெயில் ஏறுகிற பகலில் காய் வெடித்து, தகரக் கூரையில் யாரோ கல் எறிந்தமாதிரி விழும். நெல்லுக்கு உமி. எதுவும் அம்மணமாக மண்ணுக்கு வருவதில்லை.

முந்திரி காய்க்கிற கொல்லாமரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாம் பழம் என்று கடித்துத் தின்பது வெறும் காம்பு, வீங்கின காம்பு. அதன் நுனியில் தொங்குகிற அண்டிதான் காய். அதற்கு இரண்டு சுவர்கள். வெளிச்சுவர் தோல்மாதிரி, உள்சுவர் எலும்புமாதிரி. இரண்டுக்கும் நடுவில் தேன்கூட்டு அறைகள். அந்த அறைகளில் தேனுக்குப் பதிலாக ஓர் எண்ணெய். பச்சையாகத் தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். வறுத்த பிறகும் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். உடைக்கிற பெண்கள் அதைக் கறை என்பார்கள். அந்தச் சுவர்களைத் தாண்டினால் பருப்பின்மேல் ஒட்டிக்கிடக்கும் சிவந்த மெல்லிய தொலி. அதையும் தாண்டினால்தான் பாயசத்தில் மிதக்கிற அந்த வெள்ளைப் பிறை.

அந்தக் கறையை மரம் பூச்சிக்கும் அணிலுக்கும் எதிராகத் தயாரித்து வைத்திருக்கிறது. எங்கள் அக்காமேல் அதற்கு ஒரு பகையும் இல்லை. ஆனாலும் பட்டது அவளுக்குத்தான்.

இடது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் அண்டியைக் கல்லின்மேல் நிறுத்தும். வலது கை தட்டும். ஓடு பிளந்ததும் இரண்டு கையும் சேர்ந்து பிரிக்கும். கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். சாம்பல் கொஞ்சம் தாங்கும். மீதியைத் தோல் தாங்கவேண்டும். வருடக்கணக்கில் தாங்கித் தாங்கி, விரல்நுனிகளில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஆற்றில் கிடந்த கூழாங்கல்போல ஆகிவிட்டன அக்காவின் விரல்கள்.

ரேஷன் கடை எந்திரம் முரண்டு பிடிக்கும். கடைக்காரர் தெரிந்தவர், போனில் வரும் எண்ணை வைத்து அரிசி போட்டுவிடுவார். ஆதாருக்குக் கண்ணைக் காட்டித் தப்பித்தாள். பாஸ்போர்ட்டும் எப்படியோ வந்துவிட்டது. விசாவில்தான் மாட்டிக்கொண்டோம்.

ரெக்கார்டு நோட்டில் ஒரு துளை

நான் கல்லூரியில் எடுத்தது தாவரவியல். முதல் வருடம் ஒரு மாலை, ரெக்கார்டு நோட்டில் சூல் படம் வரைந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அக்கா நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

"இது என்னதுலே, கப்பலண்டியா?"

"நிலக்கடலை இல்லக்கா. சூலு. விதை ஆவதுக்கு முந்தி பூவுக்குள்ள இப்பிடித்தான் இருக்கும்."

"இது என்ன, ரெண்டு கோடு சுத்திச் சுத்தி?"

"உறை. வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. இதுதான் பின்ன விதைக்குத் தொலியா மாறும்."

"நாங்க போர்மாவில காய வச்சு உரிப்போமே, அந்தத் தொலியா?" போர்மா என்பது பருப்பை உலர்த்துகிற சூட்டறை.

"அதேதான்."

அக்கா குனிந்தாள். "மேல ஒரு எடம் அடையாம கெடக்கே. வரைய மறந்துட்டியா?"

"மறக்கல்ல. அது சூல்துளை. மகரந்தம் அதுவழியாத்தான் உள்ள போவும். முளைக்கும்போ தண்ணியும் அதுவழியாத்தான்."

"செரிதான்," என்றாள் அக்கா. "எல்லாத்தையும் அடச்சுப் பூட்டிட்டா உள்ள உள்ளது செத்துல்லா போவும்."

அந்தத் துளையைத் தொட விரலைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தாள் வெள்ளை. விரல் கறுப்பு.

விரலுக்கு விடுமுறை

விசாவுக்கு நாள் குறித்ததும் நான் விசாரித்தேன். வேலையை நிறுத்திக் கைக்கு ஓய்வு கொடுத்தால் புதுத் தோல் வரும், அதோடு கோடுகளும் வரும் என்றார்கள். "அக்கா, இருவது நாளைக்கு கைக்கு ஒரு சோலியும் குடுக்காத" என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவ என் மனைவி போனாள். அக்கா வாசற்படியில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், அடைகாக்கிறவளைப் போல.

அந்த வழியாக அண்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் சும்மா போவார்களா?

"தங்கபாயி அக்கா, கையில மைலாஞ்சி இட்டிருக்கியளா? காயல்லியா இன்னும்?"

"போங்கட்டி. எனக்க மக பெறட்டு. வந்து உங்க எல்லாருக்க கண்ணிலயும் இந்த விரல வச்சுக் குத்துதேன்."

"குத்துறதுக்கு ரேகை வேண்டாமே அக்கா, இப்பவே குத்துங்க!"

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், கையை அசைக்காமல்.

காலையில் வெயில் வந்ததும் நான் போவேன். கல்லூரி நாளில் பூவை விரித்துப் பார்க்க வாங்கிய கைலென்ஸ் ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக அதன்கீழ் பிடித்துப் பார்ப்பேன். பல நாள் ஒன்றும் இல்லை, கறுப்புத் திட்டுகள் மட்டும். பிறகு ஒரு காலை, வலது மோதிரவிரலின் ஓரத்தில், நகத்தை ஒட்டி, மூன்று கோடுகள். முதல் மழைக்குப் பிறகு உழுத சால்போல. அடுத்தடுத்த நாள்களில் அவை உள்ளே நடந்து வந்தன. ஒரு விரலில் சுழிகூட விழுந்துவிட்டது. மேலே பழைய கறை அப்படியே இருந்தது. அதற்கு அடியில் புதுக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

லென்ஸை அக்காவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எனக்கதா?"

"பின்ன யாருக்க?"

"கண்டு ரொம்ப நாளாச்சு மக்கா," என்றாள், ஊரைவிட்டுப் போன யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

ஷைனிக்குப் போன் செய்து, "மாமா கண்ணாடி வச்சுப் பாத்தாச்சு, எல்லாம் வந்திருக்கு. நான் வாறேன் மக்கா, வெப்ராளப்படாத" என்றாள். எனக்கும் நம்பிக்கைதான். பச்சை விளக்கை மனதில் ஏற்றியே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம்

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இது அண்டி ஆபீசுக்கு வெளியே யாருக்கும் அதிகம் தெரியாது.

அங்கே வேலை செய்கிற பெண்களில் பாதிப்பேர் எங்களைப்போலச் சபைக்குப் போகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் திருவிருந்துக்கு அப்பம் வாங்கக் கையை விரித்து நீட்டவேண்டும். கறுத்த கையில் எப்படி வாங்குவது? அதனால் முந்தின நாள் சனிக்கிழமை வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் தொட்டியைச் சுற்றி நின்று கை தேய்ப்பார்கள். பழம்புளியைக் கரைத்து, சாம்பல் சேர்த்து, தேங்காய்க் கதம்பல் நாரால் அழுத்தித் தேய்ப்பார்கள். கறை தனியாக வராது, மேல்தோலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். எரியும். ஊதிக்கொண்டே தேய்ப்பார்கள். மறுநாள் காலை கை ரோஜாநிறத்தில் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஞாயிற்றுக்கிழமைக் கை. கல்யாணத்துக்குப் போனாலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், நல்ல இடம் என்று எங்கே போனாலும் அந்தக் கையோடுதான் போவார்கள்.

சோலி செய்யாதே என்று சொன்னேன். கழுவாதே என்று சொல்லத் தோன்றவில்லை.

ரயிலில் அக்காவின் கையை நான் பார்க்கவில்லை. குழித்துறைப் பாலத்திலிருந்து ஆற்றைப் பார்த்தேன், பிறகு தென்னைகளைப் பார்த்தேன். கவுண்டரில், விளக்குக்குக் கீழே, கண்ணாடியின்மேல் அந்தக் கை படுத்தபோதுதான் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. நகக்கண்கூட வெளுத்திருந்தது. விரல்நுனிகள் பளபளவென்று, உரித்த பருப்புப்போல. புளி மணம் அங்கிருந்துதான் வந்தது.



"குறைச்சு நாள் கை ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கோ," என்றாள் அந்தப் பெண், எங்களுக்காகத் தமிழைத் தேடிப் பொறுக்கி. அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளித்தான் இருந்தது. பிரசவத்துக்கு அப்புறம். வேறு வழி இல்லையா என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையசைத்தாள். அவள் முகத்திலும் வருத்தம் இருந்தது. அவளைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எப்போக்கா தேச்ச?"

"நேத்து சாயங்காலம். பின்ன இன்னைக்கு காலத்த ஒருக்க, லேசா."

"கதம்பல் வச்சா?"

"பின்ன எத வச்சு? புளியும் கதம்பலும்."

"கைய சும்மா வைக்கணும்ணுதானே சொன்னேன்?"

"சோலி ஒண்ணும் செய்யல்லியே மக்கா. கழுவத்தானே செய்தேன்." குரலில் குழந்தைபோல ஒரு பயம் வந்திருந்தது. "அதிலயா போச்சு? தேச்சதிலயா?"

நான் அவள் விரல்நுனிகளைப் பார்த்தேன். அவளே புரிந்துகொண்டாள். இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"எதுக்குக்கா தேச்ச? கறை இருந்தா அவங்களுக்கு என்ன?"

"அவியளுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. "நீ கூட வாறேல்லா."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை வரும்போல இருந்தது, குடை எடுத்தேன் என்று சொல்கிற குரல்.

துறைத்தலைவரின் அறை

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை வாரமும் தள்ளிவைத்தேன்.

இரண்டாம் வருடம். வகுப்புக்குப் போகாமல் கவிதை, கூட்டம் என்று சுற்றியதில் வருகைப்பதிவு குறைந்துபோயிற்று. வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவா என்றார் துறைத்தலைவர். அம்மாவால் நடக்க முடியாது. அக்கா வந்தாள், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, நேராக. கையில் கறையும் சாம்பலும். தாழ்வாரத்தில் என் வகுப்புப் பையன்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பெண்களும்.

நான் அக்காவின் பக்கத்தில் போய், உதடு அசையாமல் சொன்னேன்: "கைய முந்தானைக்குள்ள வச்சுக்கோ."

அவள் வைத்துக்கொண்டாள்.

துறைத்தலைவர் நல்ல மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். டீ வரவழைத்தார். அக்கா கையை வெளியே எடுக்கவேயில்லை. "குடிங்கம்மா" என்று அவர் மூன்று தடவை சொன்னார். "வேண்டாம் சார், வயிறு செரியில்ல" என்றாள் மூன்று தடவையும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தவள். அந்த டீயில் ஆடை விழுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வரி. சொல்லி முடித்த கணமே நான் மறந்துவிட்டேன். சொல்கிறவர்களுக்கு மறந்துவிடும்.

அதற்குப் பிறகு என் கல்யாணத்துக்கு வந்தாள், என் புத்தகம் வெளியானபோது நாகர்கோவில் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தாள், பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க என் பிள்ளைகளோடு வந்தாள். அங்கெல்லாம் அக்காவின் கை எனக்குச் சுத்தமாகவே நினைவிருக்கிறது. என்னோடு வரும்போதெல்லாம் அவள் ஒரு தோலை உரித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பும் ரயிலில் ஷைனி போன் செய்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். "எந்திரம் எடுக்கல்ல மக்கா. எனக்க விரலு தேஞ்சு போச்சு, வயசாச்சுல்லா. யாருக்கும் ஒண்ணும் செய்யப் பற்றாது." அந்தப் பக்கம் அழுகை. "கரையாத. கரைஞ்சா பிள்ளைக்கு ஆவாது." புளியைப் பற்றியோ கதம்பலைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றியும்தான்.

ஒரு புதன்கிழமை

ஷைனிக்கு வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன் மத்தியானம்தான் குழந்தை வந்தது. இடைப்பட்ட நேரமெல்லாம் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று அவள் புருஷன் பிறகு சொன்னான். கூட வேலை பார்க்கிற கோட்டயத்துப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இங்கே அக்கா ஒன்றும் சாப்பிடாமல் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். "பக்கத்தில நிண்ணிருந்தா முதுகு தடவிக் குடுத்திருப்பேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு தடவை.

போன் வந்தது. சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். படம் உடைந்து உடைந்து, பிறகு தெளிந்தது. ஷைனி. அவள் நெஞ்சின்மேல் ஒரு சின்ன முகம். பெண் குழந்தை.

அக்கா குழந்தையைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னட்டி, பிள்ளைக்க மேல வெள்ளையா இருக்கு? மாவு அப்பினது மாதிரி?"

ஷைனி களைப்போடு சிரித்தாள். "அதாம்மா இவளுக்க காவலு. வயித்துத் தண்ணியில இத்தற நாளு கெடக்கணும்லா, தொலி ஊறிப் போவாம இருக்கதுக்கு. இங்க தொடைக்க மாட்டோம். அதுவா தொலிக்குள்ள போயிரும்."

"அப்போ குளிப்பாட்டல்லியா?"

"நாளைக்குத்தான்மா."

அக்கா போனைக் கையில் எடுத்தாள். முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நல்லது. தேய்க்காண்டாம் மக்கா. யாரு சொன்னாலும் தேய்க்காண்டாம், கேட்டியா?"

நான் பக்கத்தில் நின்றேன். எத்தனையோ வாரம் அச்சில் பேசியிருக்கிறேன், இதை நேரில் சொன்னதில்லை.

"அக்கா," என்றேன். "அண்ணைக்கு காலேஜில, சாருக்க ரூமுக்கு வெளிய வச்சு நான் உனக்கிட்ட..."

"சும்மா இருலே," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிள்ள கொட்டாவி விடுது. பாரு."

பார்த்தேன்.